மதகடியில் ஒரு சுவர்

கர்னல் கேட்டபோது மரியஅந்தோணி முடியாது என்று சொல்லியிருக்கலாம். கழுத்தில் கத்தி வைத்து யாரும் கேட்கவில்லை. சொல்லப்போனால் கர்னல் ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார். "உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம் அந்தோணி. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்." இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் சொல்வார்? அந்தோணி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். வந்து, அடுப்படி வாசலில் அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்த பெண்சாதி சாந்தாமேரியிடம் நின்றவாக்கிலேயே சொன்னார்.

"யாழ்ப்பாணம் பண்ணித் தரச் சொல்றாரு, மேரி."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷமாக அந்த ஊர்ப் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்களுடைய ஒரே பிள்ளை லூர்துராஜ், பட்டாளத்தில் சேர்ந்து, அமைதிப்படையோடு கப்பலேறி, அங்கேதான் செத்தான். உடம்பு வரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தந்தியும் வந்தன. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தியும் பூவுமாகப் போகும்போது, இவர்கள் இரண்டு பேரும் போய்க் கல்லறைத் தோட்டத்து நடுச்சிலுவைக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, மற்றவர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடி வீட்டுக்குத் திரும்புவார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"சரின்னேன்."

 முறத்தை எடுத்து அவரையைப் புடைத்தாள். தொலியோடு கொட்டையும் சேர்ந்து வாசலில் போய் விழுந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். கர்னல், ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் காப்பி எஸ்டேட் வைத்திருப்பவர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவருக்குச் சண்டை மட்டும் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும், அவரும் கீழ் பங்களா டாக்டரும் டேபிள் டென்னிஸ் மேசையில் ஒரு அங்குல உயரப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி யுத்தம் நடத்துவார்கள். சிறுபிள்ளை விளையாட்டு என்று சிரித்துவிட முடியாது. அதற்குத் தடித்தடியாய்ச் சட்டப் புத்தகம் உண்டு. ஒரு சிப்பாய் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று டேப் வைத்து அளப்பார்கள். யார் சாக வேண்டும் என்று தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். செத்த பொம்மையை எடுத்து பிஸ்கட் டின்னுக்குள் போடுவார்கள். நாலு மணிக்குக் காப்பி வரும்.

மேசைமேல் வரும் மலை, வீடு, பாலம், சந்தைத் தெரு எல்லாம் எஸ்டேட் கார்பென்டர் அந்தோணியின் கைவேலை. எல்லாம் மிச்சம் மீதியில் செய்தது. கர்னலின் மகள் லண்டனிலிருந்து ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் விமானம், டாங்கி எல்லாம் பெட்டி பெட்டியாக அனுப்புவாள். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு விதமாக ஒட்டும்படி சாமான் இருக்கும். ஒரு விதமாக ஒட்டினால் இன்னொன்று மிஞ்சும். கர்னல் விமானத்தை ஒட்டி அலமாரியில் வைத்துக்கொள்வார். மிஞ்சிய இறக்கை, சக்கரம், குண்டு, சாமான்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம் எல்லாம் சாக்கில் கட்டி அந்தோணியின் பட்டறைக்கு வந்துவிடும். அரை இறக்கையைக் கவிழ்த்தால் தகரக் கூரை. குண்டின் பாதி, தண்ணீர்த் தொட்டி. டாங்கிச் சக்கரம் கிணற்று உருளை. சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுத்தால் தலைமுடி கனத்துக்குக் கம்பி வரும். அதுதான் தந்திக் கம்பி. தரைக்குக் காப்பித் தொலி, புல்லுக்குச் சாயம் போட்ட மரத்தூள். அந்த மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டு முற்றத்தில் காயவைப்பது வருஷக்கணக்காகச் சாந்தாமேரியின் வேலையாக இருந்தது. மேசைமேல் வந்த பிரான்சுக்கும் பர்மாவுக்கும் அவள்தான் புல் விளைவித்தாள்.

லூர்துராஜும் அந்த மேசையைப் பார்த்து வளர்ந்தவன்தான். பதினெட்டு முடிந்ததும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றான். கர்னலே தன் ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போய், ஆள் எடுக்கிற மைதானத்தில் இறக்கிவிட்டார். அன்றைக்குச் சாந்தாமேரி கர்னலைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கை கூசும்.

பண்ணுவதென்றால் ஊர் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே. அந்தோணி மஞ்சக்குட்டைக்கு ஆள் விட்டு செல்லப்பனை வரச் சொன்னார். செல்லப்பன் லூர்துராஜோடு ஒரே செக்ஷனில் இருந்தவன். ஒரு கால் விளங்காமல் திரும்பி வந்து, தகப்பனோடு சாமை விதைத்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் இந்த வீட்டுப் பக்கம் வராமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவன், கூப்பிட்டதும் பஸ் பிடித்து வந்துவிட்டான்.

அந்தோணி நடுவீட்டில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, "இது ரோடு. மேல சொல்லு சாமி" என்றார்.

செல்லப்பன் முதலில் தயங்கினான். பிறகு அவனே சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டான். "இந்தப் பக்கம் பூராவும் பனைமரமுங்க. அது முடிஞ்சா வெட்டவெளி. உப்பு பூத்த தரை, ஒரு புல்லு கெடையாது. இங்க மதகு. மதகைத் தாண்டுனா கடைக்கட்டடம், மாடி வெச்சது. நாங்க பனைமரத்த உட்டு வெளிய வந்தமுங்க. மாடியில இருந்து அடிச்சாங்க." கொஞ்ச நேரம் சாக்குக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். "அடிபட்டுக் கத்துனது ரெண்டு பக்கமும் நம்ம பாசையிலதானுங்க. அம்மான்னுதான் கத்துனாங்க."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சாந்தாமேரி நின்றிருந்தாள்.

"லூர்து எங்க உளுந்தான்?" என்றார் அந்தோணி.

"மதகுக்கு இந்தப் பக்கமுங்க. ஓட எடமில்ல, ஒளிய எடமில்ல. ஒரு குட்டிச்சுவரு இருந்திருந்தாக்கூட அதுக்குப் பின்னால உளுந்து தப்பிச்சிருப்பானுங்க."

அந்தோணி அந்த இடத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. செல்லப்பன் எழுந்துபோய் முகம் கழுவினான். சாந்தாமேரி சோறு போட்டாள். அவன் பாதியில் எழுந்துவிட்டான்.

அந்த மழைக்காலம் முழுக்க அந்தோணி வேலை செய்தார். எஸ்டேட் வேலை முடிந்து வந்ததும் பட்டறைக்குள் போனால் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். இந்தத் தடவை சாந்தாமேரி மரத்தூளுக்குச் சாயம் போட்டுத் தரவில்லை. உப்புத் தரையாச்சே, புல்லே வேண்டாம் என்று அவரும் கேட்கவில்லை. பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று அவள் வைராக்கியமாகத்தான் இருந்தாள். அதைக் கெடுத்தது பனைமரம்.

ஒரு நாள் காப்பி கொண்டுபோய் வைக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது. விமானத்தின் முன்விசிறிகளை வெட்டி, வாட்டி வளைத்து, சட்டக் குச்சிமேல் ஒட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார். ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்குப் பனையைப் பற்றி என்ன தெரியும்? எல்லாம் தென்னை மாதிரித் தலையைத் தொங்கவிட்டு நின்றன. சாந்தாமேரி பிறந்தது மலைக்குக் கீழே ஓமலூர்ப் பக்கம். பனங்காட்டில் திரிந்தவள்.

"பனை இப்பிடி இருக்காதுங்க," என்றாள் வாய் அடங்காமல். "ஓலை விரிச்ச கையாட்ட நிக்கும். அடியில பழைய மட்டை வெட்டுன கட்டை இருக்கும். இது என்னமோ சீக்கு வந்த தென்னையாட்ட இருக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தியையும் ஒரு விசிறியையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் உட்கார்ந்தாள். தன்மேலேயே கோபமாக வந்தது, ஆனாலும் உட்கார்ந்தாள். தன் பிள்ளை கடைசியாகப் பார்த்த மரம் அதுதானே, அதையாவது ஒழுங்காக வைப்போமே என்று தோன்றிவிட்டது. மழை விட்டபோது மேசையில் வைக்க ஒரு பனங்காடே தயாராக இருந்தது.

சுவர் கடைசியில்தான் வந்தது. மதகுக்கு இந்தப் பக்கம், வெட்டவெளி நடுவில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சுவர். ஏதோ ஒரு விமானத்தின் தடித்த இறக்கைத் துண்டை அறுத்து, தைக்கிற ஊசியால் ஒவ்வொரு செங்கல்லாக வரி கீறியிருந்தார். மேல் ஓரத்தை இடிந்ததுபோலக் கொறித்து விட்டிருந்தார். அவர் செய்ததிலேயே அவ்வளவு அழகாக ஒன்றை அவள் பார்த்ததில்லை.

"செல்லப்பன் சுவரு இல்லைன்னானே," என்றாள்.

"ம்."

"அப்புறம் இதென்னங்க?"

அவர் சுவரைத் துடைத்தார். "ஞாயித்துக்கெழம நீயும் வா மேரி. வந்து பாரு. இந்தத் தடவ தப்பிச்சிருவான்."

 பைத்தியமா உங்களுக்கு, பிளாஸ்டிக் பொம்மை தப்பித்தால் என்ன, செத்தால் என்ன என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பூசைக்கு உடுத்திய சேலையோடேயே பங்களாவுக்குப் போனாள். கர்னல் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நல்ல மனுஷன்தான், அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மனசுக்குள் திட்டிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும். "இது நம்ம பசங்களுக்கு ஒரு மரியாதைன்னு நினைச்சுக்கம்மா," என்றார். மேசையைப் பார்த்த டாக்டர் நெஞ்சில் கை வைத்து, "அந்தோணி, அந்தோணி!" என்றார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் கர்னல் பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது என்ன, குண்டு துளைக்குமா என்று கேட்பார். செய்தவர் சொல்வதுதான் தீர்ப்பு. வேலி என்றால் வேலி, கல் என்றால் கல். ஒரு தடவை சொல்லிவிட்டால் ஆட்டம் முடியும்வரை மாற்றக் கூடாது.

பிரம்பு சுவரைத் தொட்டது.

"செங்கச்சுவருங்க ஐயா. ஒன்றரைக் கல் கனம். குண்டு துளைக்காதுங்க," என்றார் அந்தோணி. கேட்டதற்கு மேல் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. கர்னல் புருவத்தை உயர்த்திவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பட்டாளம் கர்னலுடையது. மாடிக் கட்டடத்தில் டாக்டரின் ஆட்கள். பனைமரத்து ஓரத்தில் பத்துப் பொம்மைகள் நின்றன. சாந்தாமேரி குனிந்து பார்த்தாள். இதில் லூர்து எது என்று அந்தோணியைக் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே முகம். உற்றுப் பார்த்தால் முகமே இல்லை.

கர்னல் பத்துப் பேரையும் பனைமரங்களுக்குள்ளேயே நகர்த்தினார். டாக்டர் சுட்டார். தாயக்கட்டை உருண்டது. ஒருவருக்கும் படவில்லை. மறுபடி நகர்த்தல், மறுபடி தாயக்கட்டை. இப்போதும் படவில்லை. பத்துப் பேரும் கடைசிப் பனையைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஓட்டம் ஓடினால் சுவர். அந்தோணியின் உதடு அசைந்தது. ஜெபமா, அளவா தெரியவில்லை. சாந்தாமேரிக்குத் தன் முந்தானை எப்போது வாய்க்குள் போனது என்று தெரியவில்லை. ஓடு கண்ணு, ஓடு, ஓடிரு என்று அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். மாதாவே, இந்த ஒரு தடவை என்றாள். வெட்கம் கெட்ட மனசு, அது பொம்மையையும் நம்பும்.

டாக்டரின் முறை. அவர் தாயக்கட்டையை எடுக்கவில்லை. மேசையோடு மோவாயை வைத்து, பொம்மையின் கண் உயரத்திலிருந்து பார்த்தார்.

"ஆஹா," என்றார். "இங்கே ஒரு சுவர் இருக்கே."

கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்த இரண்டு பொம்மைகளை எடுத்தார். டேப்பை நீட்டினார். மதகைத் தாண்டி, சரியாகச் சுவர்வரைக்கும் வந்தது. அந்தப் பக்கமாக, சுவரோடு ஒட்டி, துப்பாக்கியைப் படுக்க வைத்தார்.

சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. வாழ்நாள் முழுக்கச் சுவரும் கதவும் பார்த்து வேலை செய்த மனுஷனுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அத்தனை நாளும் அவர் அதைத் தன் பிள்ளை நிற்கிற பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். பனைமரத்திலிருந்து எத்தனை இஞ்சு என்று அளந்தவர், மாடியிலிருந்து எத்தனை இஞ்சு என்று ஒரு தடவைகூட அளக்கவில்லை.

கர்னல் வாய்க்குள் எதையோ முனகினார். அவருடைய ஆட்கள் சுவரை நோக்கிச் சுட்டார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவன்மேல் பட வேண்டுமென்றால் ஆறு விழ வேண்டும். மூன்று விழுந்தது. அவர் பிரம்பால் சுவரைத் தொட்டு, வெறுமனே ஒரு ஆற்றாமையில், "செங்கல்தான் இல்லையா அந்தோணி?" என்றார்.

அந்தோணி ஒரு அடி முன்னால் வந்தார். "கிடுகு வேலிங்க ஐயா."

 டாக்டர் முதலில் வேடிக்கை என்று நினைத்தார். "என்னப்பா இது! கீறின செங்கல் வரி என் விரலுக்குத் தெரியுதே."

"கிடுகுங்க. பின்னுன பனையோலைங்க. குண்டு துளைக்குமுங்க ஐயா. துளைக்கும்." 

கர்னல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது அவருக்கு ஏதாவது புரிந்திருக்கும் என்று சாந்தாமேரி நினைத்தாள். புரிந்துதான் இருக்கும். ஆனால் அவர் ஒழுங்காக ஆடுகிற மனுஷன். எதிராளிக்குக் கொடுத்த வார்த்தையை மாற்றுகிறவர் இல்லை.

"சொன்னது சொன்னதுதான் அந்தோணி," என்றார் மெதுவாக. "ஆடுங்க டாக்டர்."

டாக்டர் உருட்டினார். அந்த வெட்டவெளியில் அதற்கு மேல் உருட்ட வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து டின்னில் போட்டார். பொம்மைகள் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

காப்பி வந்தது. டாக்டர் மலர்ந்துபோயிருந்தார். "உன் கைவேலையிலேயே இந்தச் சுவர்தான்ப்பா பிரமாதம். இது மட்டும் இல்லேன்னா கர்னல் என்னைத் துவம்சம் பண்ணியிருப்பார்." கர்னல் அந்தோணியின் தோளில் கை வைத்தார். "அடுத்த வாரமும் இதையே வெச்சு ஆடலாமா?" என்று கேட்டார். கேட்கும்போதுகூட, வேண்டாமென்றால் வேண்டாம் என்கிற அதே மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

"சரிங்க ஐயா," என்றார் அந்தோணி.

திரும்பி வரும் வழியில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பாதி தூரம் வந்ததும் அவர் பேசினார்.

"பனைமரத்துப் பக்கமா மூணு இஞ்சு தள்ளி வெச்சிருக்கணும் மேரி. அவுங்களுக்கு எட்டாது. இல்லாட்டி உயரத்தக் கொறைக்கணும்."

அவள் நின்றாள்.

"ஏனுங்க, அவன் செத்தப்ப எனக்குக் கர்னல் மேல கோவம் வந்துச்சு. சாமி மேல வந்துச்சு. உங்க மேல ஒரு நாளும் வரல. அன்னிக்கு அங்க சுவரே இல்லீங்க. சுவரு இல்லாமத்தான் செத்தான், அது அவன் விதின்னு கெடந்தேன். இன்னிக்கு நீங்க சுவத்தக் கட்டி அவுங்க கையில குடுத்துட்டு வந்திருக்கீங்க. நானும் பனைமரம் செஞ்சு குடுத்தேன். போதுமுங்க. இனி அங்க போகாதீங்க. நொம்பக் கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் தரையைப் பார்த்து நின்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"நான் போகலைன்னா அவன் அங்கயே கெடப்பானே, மேரி," என்றார்.

 அவள் முன்னால் நடந்து வந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். பட்டறையில் அறுக்கிற சத்தம் கேட்டது, தேய்க்கிற சத்தம் கேட்டது, கேட்காததுபோல இருந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் சாக்குப் பையோடு பங்களாவுக்குப் போனார். அவள் வீட்டுக்கு வந்தாள். வீட்டைப் பெருக்கினாள், பெருக்கிய வீட்டை மறுபடி பெருக்கினாள். சாயங்காலம் அவர் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது, செத்தாலும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள்.

"இன்னிக்காச்சும்?" என்றாள்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.